தையல் இல்லாத ஆபரேஷன்

திருப்பதி,
12-6-1999

அண்ணாவுக்கு,

வரலட்சுமி எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் மடித்துத் தூக்கிப் போட்டுவிடாதே. இரண்டு வருஷமாக நீ என்னோடு பேசவில்லை, நானும் உன்னோடு பேசவில்லை. ஒரே வயிற்றில் பிறந்த வீம்பு, உனக்கு மட்டும் எங்கிருந்து குறையும்? ஆனால் இன்றைக்கு என் வீம்பைக் கொடியில் காயப்போட்டுவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணி எஸ்டிடி பூத்திலிருந்து பேசினாள். மாதம் ஒருமுறை உனக்குத் தெரியாமல் பேசுவாள், அதற்காக அவளிடம் சண்டைக்குப் போகாதே. பிள்ளை பிரவீனுக்குப் பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை நிலைத்தது, மாடு கன்று போட்டது என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தவள், நடுவில் ஒரு வார்த்தை விட்டாள். "உங்கண்ணனுக்கு ஒன்னுக்குப் போனா செவப்பா போவுது வரா. சாயத்தொட்டியில நிக்கிறவரு, சாயந்தானே, வேற இன்னா. பாத்ரூம் கழுவிக் கழுவி என் கைதான் போவுது."

"எத்தினி நாளா அண்ணி?" என்று கேட்டேன்.

"பொங்கலுக்கு முன்னேர்ந்து. வரும், நிக்கும், மறுபடி வரும்" என்றாள், கத்தரிக்காய் விலை சொல்வதுபோல.

 நான் இங்கே ஆஸ்பத்திரி ஆபரேஷன் தியேட்டரில் ஏழு வருஷமாக உதவியாளாக இருக்கிறேன். துணி மடிப்பதும் சாமான் கழுவி வைப்பதும்தான் என் வேலை, நான் டாக்டர் இல்லை. ஆனாலும் ஏழு வருஷம் அடுப்படி வாசலில் நிற்பவளுக்கு உள்ளே என்ன வேகிறதென்று வாசனையில் தெரியும். வலி இல்லாமல் சிவப்பாகப் போவது சும்மா விடுகிற விஷயமில்லை. யூரின் டாக்டர் செவ்வாயும் வியாழனும் இருக்கிறார். வந்து காட்டு.

பழைய கதைக்கும் வருகிறேன். ரோஜாவின் மஞ்சள் நீராட்டுக்குத் தாய்மாமன் சீராக நீ கொண்டுவந்த கத்தரிப்பூ நிறப் புடவை முதல் துவைப்பிலேயே சாயம் விட்டது. என் வீட்டுக்காரரின் ஆறு சட்டைகள் கத்தரிப்பூ ஆயின. இன்னும் அதைத்தான் போட்டுக்கொண்டு டிப்போவுக்குப் போகிறார். அதெல்லாம் உண்மை. ஆனால் சித்தப்பா வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் அத்தனை சொந்தக்காரர்கள் நடுவில் 'எங்க அண்ணன் சாயம் வெளுத்துப்போச்சு' என்று நான் சொன்னது தப்பு. சாயக்காரனைப் பார்த்துச் சொல்லக்கூடிய வார்த்தை இல்லை அது. மன்னிப்புக் கேட்டுவிட்டேன். வா.

உன் தங்கை,
வரலட்சுமி


நகரி,
20-6-1999

வரலட்சுமிக்கு,

உன் இன்லேண்டு வந்து சேர்ந்தது. இன்லேண்டில் எழுதுகிற விஷயமா இது? தபால்காரர் ரங்கையா ஓரத்தில் விரலை விட்டுத் தூக்கிப் பார்க்கிற ஆள். கையில் கொடுக்கும்போது "ஆரோக்கியம் பாகுந்தா அண்ணா?" என்று உடம்பை விசாரித்துவிட்டு ஒரு சிரிப்பு வேறு. இனி எழுதினால் கவரில் எழுது. எழுதாவிட்டால் இன்னும் நல்லது.

ஒரு தங்கச்சி அண்ணனிடம் கேட்கிற கேள்வியா இது? ருக்மணியை நன்றாகக் கேட்டுவிட்டேன். ஊரில் ஆயிரம் சேதி இருக்க, இதையா திருப்பதி வரைக்கும் அனுப்புவாள்?

கேட்டுவிட்டாய், அதனால் சொல்கிறேன். முப்பத்தோரு வருஷமாகச் சாயத் தொட்டியில் கை விட்டுக்கொண்டிருக்கிறேன். மஞ்சள் போட்டால் மூக்குச் சிந்தினால் மஞ்சள். அரக்கு போட்டால் துப்பினால் அரக்கு. பொடி காற்றில் பறக்கிறது, மூச்சில் போகிறது, சோற்றில் விழுகிறது. உள்ளே போனது ஏதோ ஒரு வழியில் வெளியே வரத்தானே வேண்டும்? இது எங்கள் தெருவில் ஒவ்வொரு சாயக்காரனுக்கும் தெரிந்த சங்கதி. கொல்லன் தெருவில் ஊசி விற்க வராதே. நேற்றும் சிவப்பாகத்தான் போனது. வலி கடுகளவும் இல்லை. வலித்தால்தானே நோய்?

கத்தரிப்பூப் புடவை விஷயத்தையும் எழுதிவிடுகிறேன். அதை நீ டிவி விளம்பரத்தில் வருகிற பொடியைப் போட்டு வெந்நீரில் ஊறவைத்தாய். நீயே கிரகப்பிரவேசத்தில் சொன்னாய், என் காதால் கேட்டேன். வெந்நீரில் போட்டால் என் சாயம் மட்டுமில்லை, உன் புருஷனின் மீசை நிறம்கூடப் போகும்.

எனக்கு வர நேரமில்லை. மெட்ராஸ் கடைக்காரர் நானூறு புடவைக்கு நூல் கேட்டிருக்கிறார், அத்தனையும் கிளிப்பச்சை. இந்தப் பதினைந்து நாளாக வேறு நிறத்தைத் தொடவே இல்லை. கண்ணை மூடினால் பச்சை.

மன்னிப்பைப் பற்றி யோசித்துச் சொல்கிறேன்.

அண்ணாதுரை


திருப்பதி,
26-6-1999

அண்ணா,

கவரில்தான் எழுதியிருக்கிறேன், நாலு பக்கமும் சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டியிருக்கிறேன். ரங்கையாவுக்கு என் விசாரிப்பைச் சொல்.

உன் கடிதத்தை நீயே ஒருமுறை படித்துப் பார். பதினைந்து நாளாக வேறு நிறத்தைத் தொடவில்லை, அத்தனையும் கிளிப்பச்சை என்று எழுதியிருக்கிறாய். அதற்கு மேலே, நேற்றும் சிவப்பாகப் போனது என்று எழுதியிருக்கிறாய்.

சாயம்தான் வருகிறதென்றால் பச்சையாக அல்லவா வரவேண்டும்?

பதில் எழுது. சாயக்காரன் நீ, நிறம் உனக்குத்தான் தெரியும்.

வரலட்சுமி


நகரி,
10-7-1999

வரலட்சுமி,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். முதல் தடவை கோபம் வந்தது. இரண்டாவது தடவை சிரிப்பு வந்தது. அப்புறம் இரண்டும் வரவில்லை.

இந்த முப்பத்தோரு வருஷத்தில் எனக்கு இது தோன்றவே இல்லை பார். ருக்மணிக்கும் தோன்றவில்லை, தெருவில் ஒருத்தனுக்கும் தோன்றவில்லை. பக்கத்துத் தொட்டி நாராயணசாமியிடம் மெதுவாகக் கேட்டேன். "எனுக்கு எப்பவும் தண்ணி மாதிரிதான் போவுது. உனுக்கு அரக்கு ஜாஸ்தி ஒத்துக்கிச்சோ இன்னாமோ" என்றான். அவனும் என்னோடு அதே பச்சையைத்தான் காய்ச்சிக்கொண்டிருந்தான்.

பச்சை முடிந்தது. பரீட்சை பார்த்துவிடுவோம் என்று ஒரு வாரம் நீலம் மட்டும் போட்டேன். ஏழாம் நாள் காலையில் ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து வெயிலில் தூக்கிப் பார்த்தேன். நூறு சிவப்பு பார்த்தவன் நான். அரக்கு, குங்குமம், மிளகாய்ப்பழம், செங்கல், எல்லாவற்றுக்கும் கலவை தெரியும். இது டின்னில் வருகிற சிவப்பு இல்லை. கையை அறுத்துக்கொண்டால் வருகிற சிவப்பு.

ருக்மணியிடம் சொல்லவில்லை. உன்னிடம்தான் சொல்கிறேன். பயமாக இருக்கிறது.

ஆனால் கத்தி வைக்க விடமாட்டேன், இப்போதே சொல்லிவிட்டேன். சித்தப்பாவுக்கு வயிற்றைக் கிழித்தார்களே, நெஞ்சிலிருந்து தொப்புள் வரைக்கும். சாக்கு மூட்டை தைத்த மாதிரி தையல். ஆறு மாதம் ஆறாமல் கிடந்தார். நான் படுத்தால் தொட்டியை யார் பார்ப்பது? கத்தி என்றால் நான் நகரியைத் தாண்ட மாட்டேன்.

அண்ணாதுரை


திருப்பதி,
15-7-1999

அன்புள்ள அண்ணா,

'பயமாக இருக்கிறது' என்று நீ எழுதிய இடத்தில் நான் அழுதுவிட்டேன். சின்ன வயதில் பாம்பு வந்தபோதுகூட 'பல்லிடி' என்று சொல்லி என்னை ஏமாற்றியவன் நீ.

உன் கேஸைப் பெயர் சொல்லாமல் டாக்டரிடம் சொன்னேன். சாயப்பட்டறை என்றதுமே நிமிர்ந்து உட்கார்ந்தார். சில சாயப் பொடிகள் வருஷக்கணக்கில் உள்ளே போனால் மூத்திரப்பையில் கட்டி வரலாமாம். கேன்சரா என்று நீ கேட்பாய், அதனால் நானே அந்த வார்த்தையை எழுதிவிடுகிறேன். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். பார்த்தால்தான் தெரியும். சீக்கிரம் பார்த்தால் பெரும்பாலும் சரியாகிவிடுகிற வகை என்றார். தள்ளிப்போட்டால் அந்தப் பேச்சே வேறு.

இனி நல்ல சேதி. கத்தி கிடையாது. ஒரு மெல்லிய குழாய், பேனாவை விடச் சற்று நீளம் அதிகம், அதன் நுனியில் விளக்கு. அதை உள்ளே விட்டால் பையின் உள்பக்கம் முழுக்க டிவியில் தெரியும். முதலில் ஸ்கேன் எடுப்பார்கள், அதில் ஏதாவது இருந்தால் குழாய் வைத்துப் பார்ப்பார்கள். கட்டி இருந்தால் அதே குழாய் வழியாக ஒரு கம்பி வளையத்தை விட்டுச் சுரண்டி எடுத்துவிடுவார்கள். எடுத்த துண்டைப் பரிசோதனைக்கு அனுப்பி, எந்த வகை, எவ்வளவு ஆழம் என்று பார்ப்பார்கள். வயிற்றில் ஒரு கீறல் இல்லை, ஒரு தையல் இல்லை. மூன்றாம் நாள் நடந்தே வீட்டுக்குப் போகலாம். இரண்டு வருஷம் முன்னால்தான் இந்த மெஷின் வெளிநாட்டிலிருந்து வந்தது. பெட்டியைப் பிரித்தபோது தேங்காய் உடைத்ததே நான்தான்.

வயிற்றைக் கிழிக்காமல் குழாய் எந்த வழியாகப் போகும் என்று கேட்பாய். ஏற்கனவே இருக்கிற வழியாகத்தான் அண்ணா. இடுப்புக்குக் கீழே மரத்துப்போக முதுகில் ஊசி போட்டுவிடுவார்கள், ஒன்றும் தெரியாது.

செவ்வாய்க்கிழமை முதல் ரயிலுக்கு வா. ஸ்கேன் எடுத்துவிடலாம்.

வரலட்சுமி


நகரி,
24-7-1999

வரலட்சுமி,

செவ்வாய்க்கிழமை வந்ததும், ஸ்கேன் எடுத்ததும், நெல்லிக்காய் அளவில் ஒன்று இருக்கிறதென்று அவர்கள் சொன்னதும் உனக்குத் தெரியும். நீ வராந்தாவில் தூணுக்குப் பின்னால் நின்றதை நானும் பார்த்தேன். நான் பார்த்ததை நீயும் பார்த்தாய். பேச வாய் வரவில்லை. உனக்கும்தானே?

ஆகஸ்ட் ஐந்து, வியாழக்கிழமைக்கு ஒத்துக்கொண்டேன். ருக்மணி ஸ்கேன் படத்தைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பூ போட்டிருக்கிறாள்.

உன் போன கடிதத்தில் 'ஏற்கனவே இருக்கிற வழி' என்று ஒரு வரி எழுதியிருந்தாய். எனக்கு உடனே புரியவில்லை. ருக்மணியைப் படிக்கச் சொன்னேன். அவள் படித்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடினாள். அப்போதுதான் புரிந்தது. அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

சரி, தலைக்கு மேல் போனால் சாண் என்ன முழம் என்ன. வருகிறேன். ஆனால் ஒரு நிபந்தனை. அந்தத் தியேட்டரில்தான் நீ வேலை பார்க்கிறாய். அன்றைக்கு நீ உள்ளே இருக்கக் கூடாது. கூடப்பிறந்த தங்கச்சி முன்னால் அந்தக் கோலத்தில் படுப்பதைவிட நான் கட்டியோடு இருந்துகொள்வேன். ஏழுமலையான்மேல் சத்தியம் செய்து எழுதி அனுப்பு. சத்தியம் வராவிட்டால் நான் ரயில் ஏற மாட்டேன்.

அண்ணாதுரை


திருப்பதி,
28-7-1999

அண்ணா,

ஏழுமலையான்மேல் சத்தியமாக ஐந்தாம் தேதி நான் தியேட்டருக்குள் இருக்க மாட்டேன். போதுமா?

பழைய வேட்டி இரண்டு, பல்பொடி, டம்ளர் கொண்டு வா. முதல் நாள் ராத்திரி ஒன்பது மணிக்குப் பிறகு எதுவும் சாப்பிடாதே, பீடியும் கூடாது. அண்ணியை எங்கள் வீட்டில் தங்கச் சொல். நீ பேசாவிட்டால் போகிறது, அவள் பேசுவாள்.

வரலட்சுமி


நகரி,
18-8-1999

அன்புள்ள தங்கச்சிக்கு,

நேற்று ரிப்போர்ட் வாங்கிக்கொண்டு வந்தோம். கேன்சர்தான். ஆனால் மேலாகத்தான் இருந்ததாம், அடிச்சதைக்குள் வேர் விடவில்லையாம். முழுக்க வழித்து எடுத்துவிட்டேன் என்று டாக்டர் சொன்னார். "பயபடொத்து பெத்தாயனா" என்று தோளில் தட்டினார். பயப்படாதே என்கிறார் சரி, நாற்பத்தொன்பது வயதுக்காரனைப் பெரியவரே என்று கூப்பிட்டதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அன்றைக்கு நடந்ததை எழுதுகிறேன், நீதான் உள்ளே இல்லையே. முதுகில் ஊசி போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் இடுப்புக்குக் கீழே யாருடைய காலோ கிடந்தது. நெஞ்சுக்கு நேராகப் பச்சைத் துணியால் திரை கட்டினார்கள். டிவியைப் பார்க்கிறாயா என்று கேட்டார்கள். நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு நரசிம்மரைக் கூப்பிட்டேன். முக்கால் மணி நேரம். அப்புறம் இரண்டு நாள் குழாயும் பையுமாகத் திரிந்தேன். நிறம் நாளுக்கு நாள் வெளுத்துக்கொண்டே வந்து, மூன்றாம் நாள் தெளிந்த தண்ணீர். சாயம் வெளுத்ததற்கு நான் சந்தோஷப்பட்டது வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை.

பொடியைத் தொட்டால் கையுறை, மூக்குக்குத் துணி, பீடி கூடவே கூடாது என்று ஏகப்பட்ட சட்டம். ருக்மணி போலீஸ் மாதிரி நிற்கிறாள். பிரவீன் பெங்களூரிலிருந்து ரப்பர் கையுறை வாங்கி அனுப்பியிருக்கிறான், முழங்கை வரைக்கும். மாட்டுக்குப் பிரசவம் பார்க்கிறவன் போல இருக்கிறேன் என்று தெருவே சிரிக்கிறது.

இப்போது ஒரு புதுத் தொல்லை. ஆபரேஷன் என்று கேள்விப்பட்டுச் சொந்தக்காரர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள், ரொட்டி, ஆப்பிள், ஹார்லிக்ஸ் பாட்டில் என்று. உட்கார்ந்ததும் முதல் கேள்வி, "எங்க, தையலக் காட்டு". இல்லை என்றால் முகம் மாறுகிறது. புத்தூர் அத்தை என் பனியனைத் தூக்கியே பார்த்துவிட்டாள். ஒன்றுமில்லை என்றதும் ஹார்லிக்ஸ் பாட்டிலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். எங்கே திரும்ப எடுத்துக்கொண்டு போய்விடுவாளோ என்று ருக்மணி அதை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டாள். எந்த வழியாக எடுத்தார்கள் என்று விளக்கவும் முடியவில்லை, என்னத்தைச் சொல்வது?

நீ சத்தியத்தைக் காப்பாற்றியதற்கு நன்றி. மன்னிப்பைப் பற்றி யோசித்தாகிவிட்டது. நானும் வெந்நீர் என்று உன்னைக் குறை சொல்லியிருக்கக் கூடாது. கத்தரிப்பூவுக்கு அன்றைக்குக் கொதி பத்தவில்லை. எனக்கு அப்போதே தெரியும்.

அண்ணன்,
அண்ணாதுரை


திருப்பதி,
28-10-1999

அன்புள்ள அண்ணா,

உன் சீட்டில் எழுதியிருப்பதை நினைவுபடுத்துகிறேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை குழாய் வைத்துப் பார்க்க வேண்டும், இரண்டு வருஷத்துக்கு. இந்த வகைக் கட்டி போன வீட்டுக்கே திரும்பி வருகிற விருந்தாளி, கதவைத் திறந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னாரே. முதல் தடவை நவம்பர் நாலு, வியாழன். இந்த முறை முதுகு ஊசிகூட இல்லை. மரத்துப்போகிற மருந்து தடவிப் பத்து நிமிஷத்தில் முடித்துவிடுவார்கள்.

அண்ணியையும் கூட்டிக்கொண்டு வா. ரோஜா மாமாவுக்கு அதிரசம் சுடப்போகிறாளாம், பல்லுக்கு நான் பொறுப்பில்லை.

வரலட்சுமி


நகரி,
10-11-1999

அன்புள்ள தங்கச்சிக்கு,

தீபாவளி நல்லபடியாகப் போனது. நாலாம் தேதி வர முடியவில்லை. பண்டிகை வாரத்தில் தொட்டியை விட்டுவிட்டு எந்தச் சாயக்காரன் வெளியூர் போவான்? நீயே சொல்.

அப்புறம் யோசித்துப் பார்த்தேன். வரத்தான் வேண்டுமா? மூன்று மாதமாகத் தண்ணீர் மாதிரி போகிறது, டம்ளரில் பிடித்துத் தினமும் பார்க்கிறேன். உடம்பு பயில்வான் மாதிரி இருக்கிறது. நாராயணசாமி அன்றைக்கு எல்லார் முன்னாலும் சொன்னான். "தையலே இல்லாத ஆபரேசன் எந்த ஊர்ல நடக்குதுபா? உன்ன படுக்க வெச்சி டிவி காட்டி அனுப்பிக்கீறாங்க. சூடு ஒடம்பு, அவ்ளோதான். மோர் குடிச்சிகினு இருந்தா தானா நின்னிருக்கும்." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து வயிற்றைத் தடவிப் பார்த்தேன். ஒரு கோடு இல்லை. நான் ஒன்றையும் கண்ணால் பார்க்கவில்லை. ஸ்கேன் படத்தில் இருந்தது வெறும் கறுப்பு வெள்ளைப் புகை. ஒருவேளை டாக்டர் கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருப்பாரோ?

நோய் இல்லை என்று நினைக்கும்போது ரொம்ப நிம்மதியாக இருக்கிறது தங்கச்சி. அந்தக் குழாயை நினைத்தால் ரயில் ஏறத் தோன்றவில்லை. திரும்ப ஏதாவது தெரிந்தால் வருகிறேன். இப்போதைக்கு வேண்டாம்.

அண்ணாதுரை


திருப்பதி,
14-11-1999

அண்ணா,

இதை எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். எழுதினால் நீ என்னோடு மறுபடி பேசமாட்டாய் என்று தெரியும். தெரிந்தேதான் எழுதுகிறேன்.

ஆகஸ்ட் ஐந்தாம் தேதி நான் உள்ளே இருந்தேன்.

காலை வரைக்கும் சத்தியத்தின்படி வெளியில்தான் இருந்தேன். உன்னைத் தள்ளுவண்டியில் கொண்டுபோகும்போது உன் கை கம்பியைப் பிடித்திருந்த பிடியைப் பார்த்தேன். நகம் வெளுத்திருந்தது. அதற்கு மேல் என்னால் முடியவில்லை. டியூட்டி மாற்றிக்கொண்டு, தொப்பி, முகமூடி போட்டுக்கொண்டு உன் தலைமாட்டில் வந்து நின்றேன். நீ கண்ணை மூடிக்கொண்டு நரசிம்மரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாய். திரைக்கு அந்தப் பக்கம் நான் பார்க்கவில்லை, பார்த்ததெல்லாம் டிவியைத்தான். அதை நீ நம்பினால் நம்பு.

நீ கண்ணால் பார்க்கவில்லை என்கிறாய். நான் பார்த்தேன். தண்ணீருக்குள் பாசி ஆடுவது போல ஆடிக்கொண்டிருந்தது. சிவப்பாக, பூக்கோசு மாதிரி, ஓரமெல்லாம் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. வளையம் ஒவ்வொரு துண்டாகச் சீவச்சீவத் துண்டுகள் மிதந்தன. அவற்றை வடிகட்டிப் பாட்டிலில் போட்டு என் கையில் கொடுத்தார்கள், சீட்டு ஒட்டுவது என் வேலை. ஏழு வருஷத்தில் ஆயிரம் சீட்டு எழுதியிருப்பேன். அன்றைக்கு 'அண்ணாதுரை, 49, ஆண்' என்று எழுத மூன்று சீட்டைக் கிழித்துப் போட்டேன். 

தையல் எங்கே என்று கேட்கிறவர்களை என்னிடம் அனுப்பு. நாராயணசாமியை முதலில் அனுப்பு. அந்தப் பாட்டிலைப் பிடித்த கை இது, இதைக் காட்டுகிறேன். தையல் இல்லாததால் நோயும் இல்லை என்று ஆகிவிடாது. போன தடவை சிவப்பைக் கண்டு சாயம் என்றாய், இப்போது தெளிவைக் கண்டு சுகம் என்கிறாய். திரும்பி வருகிற கட்டி சின்னதாக இருக்கும்போது எந்த நிறமும் காட்டாது அண்ணா. டம்ளரில் தெரியாது, டிவியில்தான் தெரியும்.

சத்தியத்தை மீறியதற்கு நானே அபராதம் கட்டிவிட்டேன். ஆகஸ்ட் மாதமே அலிபிரியிலிருந்து மலைக்கு நடந்து ஏறினேன். மூவாயிரத்துச் சொச்சம் படி, முட்டி இன்னும் வலிக்கிறது. பெருமாள் மன்னித்துவிட்டார். நீ மன்னிக்க வேண்டாம். வந்து படு, போதும். எனக்கு நீ வேண்டும்.

வரலட்சுமி


நகரி,
18-11-1999

வரலட்சுமிக்கு,

சத்தியம் வாங்கினேன், மீறினாய். சத்தியத்தைக் காப்பாற்றினாய் என்று நான் நன்றி வேறு சொன்னேன், அதன்பிறகும் ஒன்றும் தெரியாதவள் போல் கடிதம் எழுதினாய். இனி எந்த முகத்தோடு உன் வீட்டு வாசலை மிதிப்பேன்?

இனி எழுதாதே. எழுதினால் பிரிக்க மாட்டேன்.

அண்ணாதுரை


திருப்பதி,
25-11-1999

பிரிக்க மாட்டேன் என்றாய், அதனால் கார்டில் எழுதுகிறேன். ரங்கையா படித்தாலும் பரவாயில்லை, அவராவது உன்னிடம் சொல்வார். டிசம்பர் ஒன்பது, வியாழன், காலை ஒன்பது மணி, உன் பெயர் பதிந்திருக்கிறது. அன்றைக்கு நான் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். குடும்பத்தோடு சந்திரகிரி போகிறோம், மாலைதான் திரும்புவோம். ஆஸ்பத்திரியில் என்னைப் பார்க்க வேண்டி வராது. இதற்குச் சத்தியம் கேட்காதே, லீவுச் சீட்டில் சூப்பர்வைசர் கையெழுத்தே இருக்கிறது.

வரலட்சுமி


நகரி,
12-12-1999

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் கார்டை ரங்கையா என் கையில் கொடுக்கவில்லை. சாயப்பட்டறை வாசலில் சைக்கிளை நிறுத்தி, எல்லார் முன்னாலும் உரக்கப் படித்தார். தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர், அதனால் இரண்டு தடவை படிக்க வேண்டியிருந்தது. படித்து முடித்துவிட்டு, "எள்ளன்னா, போயி சூப்பிச்சுக்கோ" என்றார். போய்க் காட்டிக்கொள் என்று தபால்காரரே சொன்ன பிறகு நான் என்ன செய்வது? நாராயணசாமி எட்டாம் தேதி ராத்திரி வீட்டுக்கு வந்து, "துணைக்கு நான் வரட்டா?" என்றான்.

போனோம். மருந்து தடவினார்கள், காத்திருக்கச் சொன்னார்கள், குழாய் வைத்தார்கள். எரிச்சல்தான், வலி என்று சொல்ல மாட்டேன். இந்தத் தடவை கண்ணை மூடவில்லை. நீ பார்த்ததை நானும் பார்த்துவிடுவது என்று வைராக்கியம். டிவியில் என் உள்பக்கம் தெரிந்தது. வரலட்சுமி, அப்படி ஒரு வெளிர் சிவப்பை நான் என் ஆயுளில் காய்ச்சியதில்லை. அதன் மேல் நூல் நூலாக நரம்பு. இவ்வளவு அழகான துணியை உள்ளே வைத்துக்கொண்டா முப்பத்தோரு வருஷம் பொடியைத் தின்றேன் என்று இருந்தது.

அப்புறம் டாக்டர் கை நின்றது. "உந்தி" என்றார். இருக்கிறது என்றார். பழைய இடத்துக்குப் பக்கத்தில், ஒரு அரிசி அளவுக்குச் சின்னதாக ஆடிக்கொண்டிருந்தது. இந்த நாலு மாதமும் தினமும் டம்ளரில் பிடித்துப் பார்த்தவனுக்கு அது தெரியவே இல்லை. அங்கேயே கிள்ளி எடுத்து, அந்த இடத்தைச் சுட்டுவிட்டார். ஐந்து நிமிஷம். "கரெக்ட் டைமுக்கி ஒச்சினாவு" என்றார், சரியான நேரத்துக்கு வந்தாய் என்று. தீபாவளியைச் சொல்லித் தள்ளினேன், பொங்கலைச் சொல்லித் தள்ளியிருப்பேன், அப்புறம் உகாதி. அவ்வளவு நாள் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். அவர் கையுறையைக் கழற்றிவிட்டு அடுத்த தேதியைச் சீட்டில் எழுதினார்.

வெளியே வந்து நாராயணசாமியிடம் சொன்னேன். அவன் நேராகப் போய்த் தன் மூத்திரத்தையும் ஒரு பாட்டிலில் பிடித்துக் கொடுத்துவிட்டு வந்தான். தெருவில் இன்னும் பதினோரு பேர் இருக்கிறார்கள், ஒவ்வொருத்தரையாக இழுத்துக்கொண்டு வருவேன்.

உன்மேல் கோபம் தீர்ந்ததா என்று கேட்பாய். உண்மையைச் சொல்கிறேன். அந்த அரிசி டிவியில் தெரிந்ததே, அந்த நிமிஷம் நான் தலையைத் திருப்பித் தலைமாட்டில் பார்த்தேன். ஒரு உயரமான பையன் நின்றுகொண்டிருந்தான். "எவரு காவாலி?" என்று கேட்டான். யார் வேண்டும் என்று கேட்கிறான். இந்தப் பக்கம் திரும்பி அந்தப் பக்கமும் பார்த்தேன். நீ சந்திரகிரியில் இருந்தாய். எனக்கு வெட்கமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை, அழுகைதான் வந்தது. சாகப் பிடிக்கவில்லை தங்கச்சி. ரொம்ப நாள் இருக்க வேண்டும் போல இருக்கிறது.

அடுத்த தேதி மார்ச் ஒன்பது, வியாழக்கிழமை. அன்றைக்கு லீவு போடாதே. உள்ளே இரு.

அண்ணன்,
அண்ணாதுரை